இன்ஜினுக்குச் சளி பிடித்த கதை

பாகூர்ப் பக்கத்து நண்பர் ஒருவர் போன மாதம் போனில் பேசினார். கொட்டகையில் ஆறு வருஷமாக நிற்கும் பழைய டிராக்டரை காயலான் கடைக்குப் போட்டுவிடலாமா என்று யோசிக்கிறாராம். "இன்ஜின் புடிச்சிக்கிச்சு சார், அசையவே மாட்டேங்குது" என்றார். அவசரப்பட வேண்டாம் என்று சொல்லி எங்கள் வீட்டு டிராக்டரின் கதையைச் சொன்னேன். பாதியில், "இதை எழுதுங்களேன் சார்" என்றார். எழுதிவிட்டேன். கொஞ்சம் சரித்திரம், கொஞ்சம் மெக்கானிக் வேலை, கொஞ்சம் குடும்ப விவகாரம். பொறுமையாகப் படியுங்கள்.

எங்கள் அப்பாவுக்கு எட்டுக் காணி நிலம். நெல்லும் கரும்பும் மாறி மாறி. 1966-இல் மாஸ்ஸி பெர்குசன் 35 டிராக்டர் வாங்கினார். அந்தக் காலத்தில் டிராக்டருக்குப் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். மதராஸ் செம்பியத்தில் டாஃபே கம்பெனி செய்த வண்டி. அதற்கு இன்ஜின் சிம்சன் கம்பெனியுடையது. மூல வடிவம் இங்கிலாந்தின் பெர்க்கின்ஸ். மூன்று சிலிண்டர், ஏறக்குறைய இரண்டரை லிட்டர், டீசல். சிவப்பு பானெட், சாம்பல் நிற உடம்பு. ஊருக்குள் வந்த அன்று சூறைத் தேங்காய் பொறுக்க வந்த பிள்ளைகள், தேங்காயை விட்டுவிட்டு வண்டியைப் பார்த்துக்கொண்டு நின்றது நினைவிருக்கிறது.

இந்த வண்டியின் பூர்வீகம் சுவாரஸ்யமானது. ஹாரி பெர்குசன் என்பவர் அயர்லாந்து விவசாயியின் மகன். 1884-இல் பிறந்தவர். 1909-ஆம் வருஷத்தின் கடைசி நாளில் தானே செய்த விமானத்தில் பறந்தவர். அயர்லாந்தில் முதலில் பறந்தது அவர்தான். பிறகு மண்ணுக்கு இறங்கி வந்து கலப்பையைப் பற்றி யோசித்தார். அதுவரை டிராக்டர் என்பது மாட்டுக்குப் பதில் இரும்பு மாடு, அவ்வளவுதான். கலப்பையைச் சங்கிலி போட்டு இழுத்துக்கொண்டு போகும். கலப்பை கல்லிலோ வேரிலோ மாட்டினால் டிராக்டரின் முன்பக்கம் எழும்பி, ஓட்டுகிறவர் மேலேயே கவிழும். எத்தனையோ பேர் அப்படிச் செத்திருக்கிறார்கள். பெர்குசன் கலப்பையை மூன்று இடத்தில் கோத்து டிராக்டரின் உடம்போடு சேர்த்தார். எண்ணெய் அழுத்தத்தால் அதை ஏற்றவும் இறக்கவும் முடியும். கலப்பையின் பாரம் டிராக்டரின் பின் சக்கரத்தை மண்ணில் அழுத்திப் பிடிக்கும். இன்று உலகத்தில் எந்த டிராக்டரை எடுத்தாலும் பின்னால் அந்த மூன்று புள்ளி இணைப்பு இருக்கும்.

1938-இல் இவர் அமெரிக்காவுக்குப் போய் ஹென்றி ஃபோர்டைச் சந்தித்தார். ஒப்பந்தப் பத்திரம் எதுவும் எழுதவில்லை. கை குலுக்கினார்கள், முடிந்தது. அடுத்த வருஷமே டிராக்டர் வெளிவந்தது. ஃபோர்டின் பேரன் பொறுப்புக்கு வந்ததும் வாய்வார்த்தை காற்றில் போயிற்று. பெர்குசன் வழக்குப் போட்டார். 1948-இல் தொடங்கிய வழக்கு 1952-இல் 92 லட்சத்து 50 ஆயிரம் டாலருக்குச் சமரசமானது. வாய்வார்த்தை என்ன பாடுபடுத்தும் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். எங்கள் வீட்டிலும் அப்படி ஒன்று நடந்தது, பின்னால் வருகிறேன்.

இதற்கிடையே 1946-இல் பெர்குசன் இங்கிலாந்தின் கவென்ட்ரியில் தன் பெயரிலேயே சாம்பல் நிறத்தில் ஒரு சின்ன டிராக்டரை வெளியிட்டிருந்தார். பத்து வருஷத்தில் 5 லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். எவரெஸ்ட் ஏறிய ஹிலாரி 1958 ஜனவரியில் தென் துருவத்துக்குப் போய்ச் சேர்ந்தது இந்த டிராக்டரில்தான். பாரிஸை ஒட்டிய சான் தெனியிலும் இது உற்பத்தியானது. பிரெஞ்சு விவசாயிகள் செல்லமாக 'ப்தி கிரி' என்றார்கள். 'சின்னச் சாம்பலன்' என்று வைத்துக்கொள்ளலாம். 1953-இல் பெர்குசன் கம்பெனி கனடாவின் மாஸ்ஸி ஹாரிஸோடு சேர்ந்தது. 1956-இல் 35 வந்தது. 1959-இல் அதற்கு மூன்று சிலிண்டர் பெர்க்கின்ஸ் இன்ஜின் பொருத்தினார்கள். அதன் தம்பிதான் எங்கள் வீட்டுக்கு வந்தது.

இனி என் பங்கு. நான் படித்ததெல்லாம் பிரெஞ்சில். புதுச்சேரி 1954 நவம்பர் 1-ஆம் தேதியே இந்தியாவோடு சேர்ந்துவிட்டாலும், சட்டப்படியான மாற்றம் 1962 ஆகஸ்ட் 16-இல்தான் வந்தது. நான் பள்ளியில் சேர்ந்தது இந்த இரண்டுக்கும் நடுவில். அம்மாவின் அண்ணன் சொல்தா. இந்தோசீனா, அல்ஜீரியா எல்லாம் பார்த்துவிட்டு பிரான்சில் இருந்தார். அப்பா டிராக்டர் வாங்கிய சேதி தெரிந்ததும், அதே 35-க்கு பிரெஞ்சில் வந்த பராமரிப்புப் புத்தகத்தைத் தபாலில் அனுப்பிவைத்தார். வண்டியோடு வந்த புத்தகமோ இங்கிலீஷில் இருந்தது. வீட்டில் இங்கிலீஷ் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. ஆக, பதினைந்து வயதில் நான் டிராக்டர் மொழிபெயர்ப்பாளன் ஆனேன். சாயங்காலம் திண்ணையில் அரிக்கேன் விளக்கு. நான் வரி வரியாகத் தமிழில் சொல்ல, அப்பாவும் அண்ணனும் கேட்பார்கள். அண்ணன் என்னைவிட ஆறு வயது பெரியவர். படிப்பு ஏறவில்லை; வண்டி அவர் கையில்தான்.

ஒரு நாள் 'மொத்தேர் கிரிப்பே' என்று ஒரு தலைப்பு வந்தது. 'மொத்தேர்' இன்ஜின் என்று தெரியும். 'கிரிப்' என்றால் ஃப்ளூ காய்ச்சல். 1957-இல் ஊரெல்லாம் படுத்த அந்தக் காய்ச்சலுக்குப் பள்ளிக்கூடத்தில் அந்தப் பெயர்தான் சொன்னார்கள். எனவே தயங்காமல், "இன்ஜினுக்குச் சளி பிடித்தால் செய்ய வேண்டியது" என்று வாசித்தேன். அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். அப்பா மட்டும் சிரிக்காமல், "சரி, கஷாயம் என்னன்னு போட்டிருக்கான்?" என்று கேட்டார். பிஸ்டன் சிலிண்டருக்குள் இறுகிப் பிடித்துக்கொள்வதைத்தான் பிரெஞ்சுக்காரர்கள் அப்படிச் சொல்கிறார்கள் என்பது அகராதியைப் பார்த்த பிறகுதான் புரிந்தது. அதன்பின் எங்கள் வீட்டில் எந்த மெஷின் நின்றாலும், மோட்டார் பம்புசெட் ஆகட்டும், அம்மாவின் கிரைண்டர் ஆகட்டும், "சளி புடிச்சிருக்கு" என்பதுதான் வழக்கு.

வருஷங்கள் ஓடின. நான் சர்க்கார் ஆபீசில் குமாஸ்தா ஆனேன். டிராக்டர் கடன் தவணையில் பல மாதம் என் சம்பளத்திலிருந்து போயிற்று. அதற்கு ஈடாக ரோட்டோரம் இருக்கும் அரைக் காணி எனக்கு என்று அப்பா வாயால் சொல்லியிருந்தார். அண்ணனிடம் அதையே வேறு மாதிரிச் சொல்லியிருக்கிறார் போலிருக்கிறது. காகிதம் எதுவும் இல்லை. 1998-இல் அப்பா போனார். ரோட்டோரம் மனை விலை ஏறியது. பேச்சு வளர்ந்தது. நான் ஆபீஸ் பழக்கத்தில், நாள் தேதி போட்டு, அண்ணனுக்கே ஒரு மனு மாதிரி எழுதி அனுப்பினேன். இன்றைக்கு நினைத்தால் கூசுகிறது. "காகிதத்துல உழுறவன் நீ. நான் மண்ணுல உழுறவன். நமக்குள்ள இனி பேச்சு இல்ல" என்று சொல்லியனுப்பினார். அது 2001. கல்யாணம், காதுகுத்து, கருமாதி எல்லாவற்றிலும் ஒரே பந்தலில் இருந்தோம், பேசவில்லை.

2011 ஜூலையில் நான் ஓய்வு பெற்றேன். டிசம்பர் 30-ஆம் தேதி விடிகாலை தானே புயல். புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவில் கரையைக் கடந்த அந்தப் புயலை நம் பக்கத்து ஆட்கள் மறக்க மாட்டார்கள். அண்ணன் வீட்டில் கொட்டகையின் தகரம் முழுக்கப் பறந்துவிட்டது. வாடகைக்குப் பெரிய டிராக்டர்கள் வந்துவிட்டதால் மாஸ்ஸி அப்போதே பெரும்பாலும் சும்மா நின்றது. அதன் சைலன்சர் மேல்நோக்கி நிற்கும் குழாய். வாயில் ஒரு டால்டா டப்பா கவிழ்த்திருக்கும். புயலில் டப்பாவும் பறந்தது. தென்னையும் முந்திரியும் பலாவும் விழுந்து கிடந்தபோது டால்டா டப்பாவை யார் நினைப்பார்கள்?

மழைத்தண்ணீர் சைலன்சர் வழியாக இறங்கியது. ஓடாமல் நிற்கும் இன்ஜினில் ஏதாவது ஒரு சிலிண்டரின் புகை வால்வு திறந்தபடி நிற்கும். அதன் வழியே தண்ணீர் நேராக பிஸ்டன் தலையில் தேங்கும். பிஸ்டன் வளையத்துக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவே இருப்பது மயிரிழை இடம். இரும்பு துருவானால் பழைய இரும்பைப்போலப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். மயிரிழை இடத்தில் அது உட்கார்ந்துவிட்டால் ஆப்பு அடித்த மாதிரிதான்.

2012, மார்கழி பிறந்திருந்தது. ஒரு காலை போன் அடித்தது. எடுத்தேன். பதினோரு வருஷம் கழித்து அந்தக் குரல்.

"டேய்... இன்ஜினுக்குச் சளி புடிச்சிருக்குடா."

எனக்குச் சட்டென்று பேச்சு வரவில்லை. பிறகு, "அந்தப் புஸ்தகம் எங்கிட்டதான் இருக்குண்ணா. எடுத்துக்கிட்டு வரேன்" என்றேன்.

போனபோது பெரியவன், அதாவது அண்ணன் மகன், ஒரு காரியம் செய்து முடித்திருந்தான். வேறு டிராக்டரில் கயிறு கட்டி, மாஸ்ஸியை கியரில் போட்டு இழுத்துப் பார்த்திருக்கிறான். பின் சக்கரங்கள் சுழலாமல் தரையைக் கீறிக்கொண்டு வந்த தடம் வாசலில் இருந்தது. காயலான் கடைக்காரரிடமும் விலை பேசி வைத்திருந்தான். அண்ணன் ஒரே வார்த்தையில், "மாட்டுப் பொங்கலுக்கு வண்டி கெளம்பணும். கெளம்பலன்னா அப்புறம் உன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டார்.

கடலூரிலிருந்து ஒரு மேஸ்திரி வந்தார். எழுபதை நெருங்கிய மனிதர். கயிற்றுத் தடத்தைப் பார்த்ததும் முகம் மாறியது. "புடிச்ச இன்ஜினைக் கட்டி இழுத்தா கனெக்டிங் ராடு வளையும் தம்பி. ராடு போனா சிலிண்டரையே ஓட்டை போட்டுடும். இன்னொரு தடவை செய்யாதீங்க" என்றார். பேட்டரி வயரைக் கழற்றிப் போட்டார். ஸ்டார்ட்டரை யாரும் தொடக்கூடாது.

கியரை நியூட்ரலில் வைத்து, முன்பக்க புல்லி நட்டில் ஸ்பானர் போட்டு இரண்டு பக்கமும் லேசாக அசைத்துப் பார்த்தார். கல். அடியில் ஆயில் சம்ப் நட்டைத் திறந்தார். முதலில் வந்தது தண்ணீர். எண்ணெயைவிடத் தண்ணீர் கனம், அதனால் அடியில் தங்கியிருந்தது. பிறகு பால் விட்ட டீ மாதிரி ஒரு எண்ணெய். அன்று சாயங்காலத்துக்குள் ஹெட்டைக் கழற்றிவிட்டார். முதல் சிலிண்டரும் மூன்றாவதும் ஓரளவு சுத்தம். நடு சிலிண்டரில் சுவர் முழுக்கச் செம்மண் நிறம். பிஸ்டன் மேல் கேழ்வரகு மாவு கொட்டிய மாதிரித் துரு.

துருவைத் துணியால் ஒற்றி எடுத்தார். பிஸ்டனுக்கு மேலே தெரியும் சுவரை எண்ணெயில் நனைத்த எமரித் துணியால் பொறுமையாகத் தேய்த்தார். "மேலே துரு இருந்தா, நாளைக்கு பிஸ்டன் ஏறுறப்ப மறுபடி மாட்டும்" என்றார். அப்புறம் மண்ணெண்ணெயும் இன்ஜின் ஆயிலும் பாதிப் பாதி கலந்து மூன்று சிலிண்டரிலும் ஊற்றினார். "இனி எனக்கு வேலை இல்ல. எண்ணெய்க்குத்தான் வேலை. காலையும் மாலையும் எவ்வளவு எறங்கியிருக்குன்னு மட்டும் பாருங்க. எறங்கினா வளையத்தைத் தாண்டி கீழ போகுதுன்னு அர்த்தம். எட்டு, பத்து நாள் கழிச்சு வரேன்." பஸ் ஏறிப் போய்விட்டார்.

புத்தகத்தைப் பிரித்தேன். அதிலும் ஏறக்குறைய இதுதான் இருந்தது. மேஸ்திரி பிரெஞ்சு படித்தவரில்லை, இன்ஜின் படித்தவர்.

அளக்கும் வேலை எனக்கு வந்தது. தினமும் காலை ஆறரை பஸ்ஸில் போவேன். ஈர்க்குச்சியை நடு சிலிண்டரில் விட்டு, நனைந்த இடத்தில் நகத்தால் கீறி, ஸ்கேல் வைத்து அளந்து நோட்டில் எழுதுவேன். தேதி, நேரம், மில்லிமீட்டர், கடைசிக் கட்டத்தில் கையெழுத்து. முப்பத்தைந்து வருஷப் பழக்கம் எங்கே போகும்? அண்ணன் எதிரே கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருப்பார். அண்ணி காபி கொண்டுவந்து வைப்பார். பேச்சு அதிகம் இல்லை. "எறங்கிச்சா?" "இல்லண்ணா." அவ்வளவுதான்.

நான்கு நாள் ஒரு மில்லிமீட்டர்கூட இறங்கவில்லை. ஐந்தாம் நாள் சாயங்காலம் ஈர்க்குச்சியை எடுத்தேன். இரண்டு மில்லிமீட்டர் குறைந்திருந்தது. சந்தேகப்பட்டு மறுபடி விட்டுப் பார்த்தேன். அதேதான். "எறங்கிடுச்சுண்ணா" என்றேன். அண்ணன் எழுந்து வந்து ஈர்க்குச்சியை வாங்கிக் கண்ணருகில் வைத்துப் பார்த்தார். அன்று ராத்திரி அங்கேயே சாப்பிட்டேன். பதினோரு வருஷத்தில் அந்த வீட்டுச் சாப்பாடு முதல் தடவை.

மேஸ்திரி ஒன்பதாம் நாள் வந்தார். சிலிண்டர் வாய்க்குள் சரியாக இறங்கும் அளவுக்குக் கடைந்த வேப்பங்கட்டை ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். அதை பிஸ்டன் தலையில் வைத்து, யாரோ வீட்டுக் கதவைத் தட்டுகிற மாதிரி சுத்தியலால் தட்டினார். நாலு தட்டு, கொஞ்சம் எண்ணெய், ஒரு பீடி. மறுபடி நாலு தட்டு. புல்லியில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டார். ஸ்பானரில் ஒரு கை பலம் மட்டும். முன்னே ஒரு தரம், பின்னே ஒரு தரம். பெரியவன் ஒரு நீளப் பைப்பைக் கொண்டுவந்து, "இதை மாட்டி ரெண்டு பேர் தொங்கினா வந்துடும் மேஸ்திரி" என்றான். மேஸ்திரி சொன்ன பதில் இன்னும் காதில் இருக்கிறது. "வந்துடும் தம்பி. எது வரும்னுதான் தெரியாது."

அன்று வரவில்லை. மறுநாளும் இல்லை. பதினோராம் நாள் மத்தியானம் சாக்பீஸ் கோடு ஒரு நகக்கண் அளவு நகர்ந்தது. நாங்கள் கத்தினோம். மேஸ்திரி கத்தவில்லை, உடனே பின்பக்கம் திருப்பிப் பழைய இடத்துக்கே கொண்டுவந்தார். எண்ணெய் விட்டார். மறுபடி முன்னே. இந்தத் தடவை இரண்டு நகக்கண். இறுகினால் வற்புறுத்தாமல் பின்னால் போவது, துடைப்பது, எண்ணெய் விடுவது, மறுபடி வருவது. பொழுது சாயும்போது கோடு ஒரு முழுச் சுற்றுச் சுற்றி வந்தது.

மீதி வேலைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சம்பைக் கழற்றி மூன்று பிஸ்டனையும் வெளியே எடுத்தார். ராடு வளையவில்லை, தெய்வாதீனம். நடு சிலிண்டர் சுவரில் துரு தின்ற குழிகள். கடலூர் லேத் பட்டறையில் அதற்கு மட்டும் புது லைனர் இறக்கி, பிஸ்டனும் ரிங்கும் புதிதாகப் போட்டார். டீசல் பம்பும் உள்ளே ஒட்டிக்கொண்டிருந்தது. அதைத் தனியாகக் கழற்றி டீசலில் ஊறவைத்து எடுத்தார். ஒட்டிய பம்போடு இன்ஜினைச் சுற்றினால் பம்பின் ஷாஃப்ட் முறியும் என்றார். வால்வுகளை உட்காரவைத்து, புது கேஸ்கட், புது ஆயில், புது ஃபில்டர். டீசல் பைப்பில் ஏர் எடுத்து முடித்தபோது பொங்கல் ராத்திரி ஒன்பது மணி.

மாட்டுப் பொங்கல் காலை. வண்டியைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டார்கள். அண்ணன்தான் ஏறுவார் என்று எல்லாரும் நின்றோம். அவர் என்னைப் பார்த்து, "நீ ஏறுடா" என்றார். எனக்கு டிராக்டர் ஓட்டத் தெரியாது. "ஓட்ட வேணாம். சாவியைத் திருப்பு" என்றார். திருப்பினேன். சுற்றியது, பிடிக்கவில்லை. இரண்டாவது தரம், ஒரு இருமல். உண்மையிலேயே இருமல்தான். மூன்றாவதில் வெள்ளைப் புகையைக் கக்கிக்கொண்டு பிடித்துக்கொண்டது. அந்த 'தட தட' சத்தம் கேட்டு அண்ணி உள்ளேயிருந்து ஓடி வந்தார். அண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். புகை கண்ணில் பட்டிருக்கலாம்.

ரோட்டோர நிலத்தைப் பற்றி அந்த ஒரு மாதமும் இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை. சித்திரையில் ஒரு நாள் அவரே சொன்னார்: "ஆளுக்குப் பாதி. நீயே எழுதுடா. காகிதத்துல உழுறவன் நீதானே." எழுதினேன். பதிவும் செய்தோம். மனு எழுதிய அதே கைதான்.

அண்ணன் 2020-இல் காலமானார். மாஸ்ஸி இன்னும் ஓடுகிறது. உழவுக்கு இல்லை, எரு அடிக்க, வைக்கோல் ஏற்ற. பெரியவன் அதை விற்கிற பேச்சை எடுப்பதில்லை. பிரெஞ்சில் 'கிரிப்பே' ஆன இன்ஜினை விடுவிப்பதற்கு 'தெகிரிப்பே' என்று தனியாக ஒரு வினைச்சொல்லே உண்டு. தமிழில் அதற்கு ஒரு சொல் தேடிப் பார்த்தேன். 'இளக்குவது' என்பதே பொருத்தமாகப் படுகிறது. உடைப்பதும் இல்லை, பிடுங்குவதும் இல்லை.

என்னைப் போலப் பழைய வண்டி வைத்திருக்கும் நண்பர்களுக்கு மூன்று விஷயம். ஓடாவிட்டாலும் மாதத்துக்கு ஒரு தரம் பத்து நிமிஷம் ஓடவிடுங்கள். பிடித்துக்கொண்டால் கட்டி இழுக்காதீர்கள். ஐப்பசி பிறக்குமுன் சைலன்சர் வாயை மூடுங்கள். நான் புரட்டாசிக் கடைசியில் பாகூர் பஸ் ஏறிவிடுவேன். டால்டா டப்பா இப்போது கிடைப்பதில்லை. ஒரு பழைய பால் பவுடர் டின்னைக் கவிழ்த்து, காற்றுக்குப் பறக்காமல் கம்பி போட்டுக் கட்டிவிட்டு வருகிறேன்.